பி.எஸ்.ஏ. கூடினால் அடுத்தது என்ன: வன்னியில் இருப்பவருக்கு ஒரு சிகிச்சை மதிப்பீடு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ காலையில் இரத்தம் கொடுத்துவிட்டுப் பின்னேரம் ரிப்போட்டை எடுத்தால் பி.எஸ்.ஏ. (ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்ரேற் சுரப்பி விடும் ஒரு புரதம், அதில் புற்றுநோய் வந்தால் இரத்தத்தில் கூடும்) 7.2 என்று இருக்கும். சாதாரண அளவு 4 வரை என்று பக்கத்தில் அச்சடித்திருக்கும். அந்தத் துண்டு வீட்டுக்கு வந்ததும், 'வயசுக்கு வாறதுதானே, விடுங்கோ' என்று ஒரு பக்கம் சொல்லும். 'உடனே கொழும்புக்குக் கொண்டு போங்கோ' என்று வெளிநாட்டுப் பிள்ளை போனில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதைச் செய்யக் காலமும் இருக்கிறது. பெரும்பாலான புரொஸ்ரேற் புற்றுநோய் மெதுவாக வளரும். சில கிழமைகள் எடுத்து யோசிப்பதால் எதுவும் கைவிட்டுப் போகாது. கால் பலம் குறைவது, சலம் அடைபடுவது போன்ற அறிகுறிகள் மட்டும் விதிவிலக்கு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இரத்தப் பரிசோதனை தொடங்கி, ஆண் ஓமோனைக் குறைக்கும் ஊசி வரை இந்த வழியில் வரும் ஒவ்வொரு சேவையையும் வன்னியில் குடியிருக்கும் ஒருவரின் நிலையிலிருந்து இங்கே எடைபோடுகிறோம். எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: சிகிச்சை முடிந்த பிறகு அது என்ன கேட்கும்? எத்தனை தடவை பயணம், எந்த இடைவெளியில் ஊசி, எந்தப் பின்விளைவை வீட்டில் சமாளிக்க வேண்டும்? முல்லைத்தீவின் முத்தையன்கட்டில் இருந்து போகிறவருக்கும் கொழும்பில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே சிகிச்சை ஒரே மாதிரி அமையாது.

முதலில் பி.எஸ்.ஏ. மலிவு, ஒரு குழாய் இரத்தம், வெறுவயிறு தேவையில்லை. இவ்வளவும் அதன் நல்ல பக்கம். கெட்ட பக்கம், புற்றுநோய் இல்லாமலே அது கூடும். சலத்தில் கிருமித் தொற்று, சலம் அடைபட்டுக் குழாய் போட்டது, புரொஸ்ரேற் வெறுமனே பருத்திருப்பது எல்லாம் அதைக் கூட்டும். சலத் தொற்று இருந்திருந்தால் மருந்து முடிந்து ஆறு கிழமை பொறுத்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும். இரத்தம் கொடுப்பதற்கு முந்திய இரண்டு நாள் உடலுறவு வேண்டாம், நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். இன்னொன்றைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சலம் இலகுவாகப் போவதற்கென்று பினஸ்ரரைட் அல்லது டுற்றாஸ்ரரைட் குளிசையை ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கிறவரின் பி.எஸ்.ஏ. பாதியளவாகக் குறைந்து காட்டும். அவருடைய ரிப்போட்டில் 3.5 என்று இருந்தால் அதை 7 என்று வாசிக்க வேண்டும். குளிசை மட்டையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் இந்தப் பிழை நடக்காது.

4க்கும் 10க்கும் இடைப்பட்ட எண் உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே பயொப்சியில் (சுரப்பியில் ஊசியால் துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனையில்) புற்றுநோய் காணப்படும் என்பது மேற்கு நாடுகளின் தரவு. 10ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். ஆகவே 7.2க்குச் சரியான முதல் வேலை, நாலு முதல் ஆறு கிழமையில், அதே ஆய்வுகூடத்தில், திரும்ப எடுப்பது. இடம் மாறினால் முறை மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். பிறகு ஏறியதா இறங்கியதா என்று வீணாகக் குழம்ப வேண்டி வரும்.

மலவாசல் வழியாக விரலால் பரிசோதிப்பதை வெட்கத்தில் தவிர்க்க வேண்டாம். ஒரு நிமிடம்கூட எடுக்காது. பி.எஸ்.ஏ. சாதாரணமாக இருக்கும்போதே கல்லுப் போன்ற ஒரு முடிச்சு விரலில் தட்டுப்படுவதுண்டு. டொக்டர் அதைச் செய்யாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கான் ரிப்போட்டில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கும். புரொஸ்ரேற்றின் நீளம், அகலம், உயரம், அதன் கீழே கனவளவு. 4.8, 4.2, 5.0 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 52 மில்லிலீற்றர். இனி 7.2ஐ 52ஆல் வகுத்தால் 0.14 வரும். இது 0.15க்குக் கீழே, பருத்த சுரப்பியே எண்ணைக் கூட்டியிருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. அதே 7.2, கனவளவு 30 உள்ள ஒருவருக்கு வந்தால் 0.24. அங்கே சந்தேகம் வலுக்கிறது. ஒரே எண்ணோடு கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு வித ஆலோசனை கிடைப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

எம்.ஆர்.ஐ. ஸ்கானும் உடம்பில் இருக்கும் பீசும்

பயொப்சிக்கு முன்பு எம்.ஆர்.ஐ. எடுப்பதே இன்று சரியான ஒழுங்கு. 2017இல் வெளியான பிரித்தானியாவின் புரொமிஸ் ஆய்வு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாலில் ஒருவருக்குப் பயொப்சியே தேவைப்படாமல் போகலாம் என்று காட்டியது. ரிப்போட்டில் பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு எண் தருவார்கள். 1, 2 என்றால் பாரதூரமான புற்றுநோய் இருக்கும் வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் பயொப்சி வேண்டும். 3 வந்தால் மேலே சொன்ன வகுத்தல் கணக்கையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

வன்னியில் இந்தச் சேவைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உடம்பில் ஷெல் பீஸ், அதாவது போரில் பட்ட எறிகணைத் துண்டு, இருப்பவர்கள் இங்கே அதிகம். எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு அதற்குள் அசையலாம், சூடேறலாம். கண்ணிலோ முள்ளந்தண்டிலோ பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் அது ஆபத்து. தசைக்குள் பல வருடமாகப் புதைந்து தழும்பு கட்டிய துண்டு பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனாலும் அந்தத் தீர்மானம் கதிரியக்கப் பிரிவினருடையது, நோயாளியுடையது அல்ல. திகதி குறிக்கும்போதே 'உடம்பில பீஸ் இருக்கு' என்று சொல்லி, எங்கே என்று காட்டி, முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கான் அறை வாசலில் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பயணமும் காத்திருந்த மாதங்களும் வீண். இடுப்பெலும்புக்குள் பீஸ் இருந்தாலோ இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தாலோ படம் அந்த இடத்தில் கெட்டுவிடும். அப்படியானால் எம்.ஆர்.ஐ. இல்லாமல் நேரே பயொப்சிக்குப் போவதும் நியாயமான வழிதான். செயற்கைக் கால் போட்டிருப்பவர் அதைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும், கூட ஒருவர் வந்தால் நல்லது.

சிறுநீரகம் அடுத்த விசயம். வவுனியாவின் விவசாயக் கிராமங்களில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததே. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் பரிசோதனை ரிப்போட் கையில் இல்லாமல், ஸ்கான் படம் தெளிவாகத் தெரிய நாளத்தில் ஏற்றும் நிறமருந்தை ஏற்ற விட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு நிறமருந்து இல்லாமலே புரொஸ்ரேற் எம்.ஆர்.ஐ. எடுக்க ஒரு முறை உண்டு. சாத்தியமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒழுங்கு மாறி முதலில் பயொப்சி நடந்துவிட்டால், ஸ்கானுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். உள்ளே கசிந்த இரத்தம் படத்தில் கட்டி மாதிரியே தெரியும்.

பயொப்சி

மலவாசல் வழியாக ஊசி செலுத்தி எடுப்பதே பழைய, பரவலான முறை. 10 முதல் 12 துண்டுகள், மரக்க ஊசி போட்டே எடுப்பார்கள். விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுப்பது மற்ற முறை. இதில் தொற்று வெகு குறைவு. எது கிடைக்கும் என்பது போகும் இடத்தைப் பொறுத்தது.

மலவாசல் வழி முறையில் முக்கியமாகப் பிழையாகப் போகக்கூடியது ஒன்று, அது பாரதூரமானது: குடலில் இருக்கும் கிருமி இரத்தத்தில் ஏறுவது. நூறில் ஒருவர் முதல் நால்வர் வரை இது நடக்கலாம். கொடுத்த அன்ரிபயோற்றிக்கைச் சொன்ன நேரத்தில் எடுங்கள். வீட்டுக்கு வந்த பின் முதல் சில நாளில் குளிர் நடுக்கமோ 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சலோ வந்தால் பனடோல் போட்டு விடியும் வரை பார்க்கக்கூடாது. இரவென்றாலும் கிட்டிய வைத்தியசாலைக்குப் போய், 'புரொஸ்ரேற் பயொப்சி செய்தது' என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல், டெங்கு என்று நேரம் போய்விடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் இதற்கு நாளத்தின் வழியாக மருந்து தொடங்கலாம். திரும்ப யாழ்ப்பாணத்துக்கு ஓட வேண்டியதில்லை.

சலத்தில் சில நாள் இரத்தம் வரும். விந்தில் நாலு, ஆறு கிழமை வரை கபில நிறம் இருக்கும். அது இயல்பு. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளொப்பிடோகிரெல், வோபரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதய டொக்டரைக் கேட்காமல் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

பயொப்சி ரிப்போட்டில் 'புற்றுநோய் உண்டு' என்ற வரியோடு திருப்திப்படாதீர்கள். எத்தனை துண்டு எடுத்தது, எத்தனையில் இருந்தது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீளத்துக்கு, க்ளீசன் எண் (நோய் எவ்வளவு கடுமையானது என்று நுண்காட்டியில் பார்த்துத் தரும் எண்) என்ன, இத்தனையும் வேண்டும். 3+3 என்றால் முதல் தரம், 3+4 இரண்டாம் தரம், 4+3 மூன்றாம் தரம். கூட்டினால் இரண்டும் 7தான், நடத்தையோ வேறு. 8 நாலாம் தரம், 9, 10 ஐந்தாம் தரம். எடுத்த இழையத்தை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். ரிப்போட்டில் உள்ள ஆய்வு இலக்கத்தைக் குறித்து வைத்தால், வேறொரு நோயியல் நிபுணரின் கருத்துக் கேட்கும்போது திரும்பக் குத்த வேண்டி வராது.

முதல் தரக் காரருக்கும் இரண்டாம் தரத்தில் சாதகமானவர்களுக்கும், நோய் பரவியதா என்று பார்க்கும் என்பு ஸ்கானோ சி.ரி.யோ பொதுவாகத் தேவையில்லை. அதற்கு மேலானவர்களுக்கு வேண்டும். இங்கேயும் போர்க்காயம் குழப்பும். பழைய முறிவு, பீஸ் பட்டுப் பொருந்திய என்பு, கால் இழந்தவரின் மூட்டுத் தேய்வு எல்லாம் என்பு ஸ்கானில் கறுப்பாகத் தெரியலாம். அதைப் புற்றுநோய்ப் பரவல் என்று வாசித்தால் குணமாக்கக்கூடிய ஒருவர் குணமாக்க முடியாதவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். காயப்பட்ட இடங்களை ஒரு தாளில் எழுதி ஸ்கான் விண்ணப்பத்தோடு இணைப்பது சின்ன வேலை, பயனோ பெரிது.

கண்காணிப்பு

உடனே சிகிச்சை செய்யாமல், நோய் வளர்கிறதா என்று ஒழுங்காகப் பார்த்து வருவது இது. முதல் தரப் புற்றுநோய்க்கு நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். 'ஒண்டும் செய்யாமல் விடுறது' என்று குடும்பத்தவர் கோபப்படுவார்கள். பிரித்தானியாவின் புரொரெக்ட் ஆய்வை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கண்காணித்து, ஒரு பகுதிக்குச் சத்திரசிகிச்சை, ஒரு பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்து 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2023இல் வந்தது. மூன்று பகுதியிலும் புரொஸ்ரேற் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ நூறில் மூவரே. வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது: கண்காணித்தவர்களில் நூறில் ஒன்பது பேருக்கு நோய் பரவியது, மற்ற இரண்டு பகுதியிலும் நூறில் ஐந்து பேருக்கு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் அறுபது வீதமளவானோர் அந்த 15 வருடத்துக்குள் ஏதோ ஒரு சிகிச்சைக்கு மாறினார்கள். மற்றவர்கள் சிகிச்சையின் பின்விளைவுகள் எதுவும் இல்லாமல் வாழ்ந்தார்கள்.

இது கேட்பது ஒழுங்கு. ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., வருடத்துக்கு ஒரு விரல் பரிசோதனை, ஒரு வருட முடிவில் திரும்ப எம்.ஆர்.ஐ. அல்லது பயொப்சி, பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. பி.எஸ்.ஏ.யை ஊரிலேயே எடுக்கலாம் என்பதால் தூர இடத்தவருக்கும் இது இலகு. எங்கே பிழை நடக்கிறது என்றால், சுகமாக இருக்கிறது என்று இரண்டாம் வருடத்தோடு கிளினிக்கை விட்டுவிடுவதில். காலபோக விதைப்பு, அறுவடை என்று கிளினிக் திகதி தவறுவது இங்கே வழமை. மாரிக்கு முன் ஒன்று, காலபோக அறுவடைக்குப் பிறகு ஒன்று என்று பருவத்தோடு பொருத்தித் திகதி கேட்டால் தவறாது. கிளினிக்கைக் கைவிடுவார் என்று குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவருக்கு நாங்கள் கண்காணிப்பைச் சொல்லமாட்டோம்.

எண்பதை நெருங்கும், இதய நோயும் உள்ள ஒருவருக்கு இதுவும் வேண்டியதில்லை. அறிகுறி வந்தால் மட்டும் ஓமோன் சிகிச்சை என்று விடுவதே அவருக்கு நல்ல சிகிச்சை. பத்து வருட ஆயுள் எதிர்பார்க்க முடியாதவரின் உடம்பில் குணமாக்கும் சிகிச்சை செய்வது தொல்லையை மட்டுமே கொடுக்கும்.

சத்திரசிகிச்சை

ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். 'எனக்குப் புரொஸ்ரேற் ஒப்பரேசன் செய்தாச்சு, இனி வராது' என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு நடந்தது சலப்பாதை வழியாக உட்புறத்தைச் சுரண்டி எடுத்ததே. அது அடைப்புக்கான வேலை. புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் வெளிப்புறப் பகுதி அப்படியே இருக்கும். அப்படிச் சுரண்டியவருக்கும் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும், சுரண்டிய துண்டுகளையும் நோயியல் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த ரிப்போட்டை வாங்காமல் விட்ட வீடுகள் ஏராளம்.

புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை முழுச் சுரப்பியையும் விந்துப் பைகளோடு அகற்றுவது. பயொப்சி செய்து ஆறு, எட்டுக் கிழமை கழித்தே செய்வார்கள். பிறகு ஒன்று, இரண்டு கிழமை சலக் குழாயோடு வீட்டில். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், குழாயைத் தொடையில் பிளாஸ்ரர் போட்டு ஒட்ட வேண்டும். ஏ-9 வீதியில் பஸ்ஸில் நெருக்குப்பட்டுப் போகாமல் வாகனம் பிடிப்பது நல்லது. குழாய் தற்செயலாக இழுபட்டுக் கழன்றால் ஊரில் யாரும் திருப்பிப் போடக்கூடாது. தைத்த இணைப்பு கிழிந்துவிடும், சத்திரசிகிச்சை செய்த பிரிவோடு கதைத்த பிறகே எதுவும். ஆறு கிழமைக்கு நெல் மூட்டை, கிணற்று வாளி, மோட்டர் தூக்குவது எதுவும் ஆகாது.

சலம் கசிவதுதான் பெரிய மனக்கஷ்டம். அதே புரொரெக்ட் ஆய்வில் சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஆறாம் மாதத்தில் நூறில் 46 பேர் சலம் உறிஞ்சும் பட் பாவித்தார்கள், ஆறாம் வருடத்தில் 17 பேர். ஆகவே குறையும், எல்லோருக்கும் முற்றாகப் போகாது. இடுப்புத்தளப் பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்குங்கள்: சலத்தை இடைநிறுத்துவதுபோல் இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிற்றை இறுக்கக்கூடாது. ஆண்குறி விறைப்புக் குறைவது பெரும்பாலானோருக்கு நடக்கும். நரம்பைக் காப்பாற்ற முடிந்ததா என்பதையும் வயதையும் பொறுத்து ஓரளவு திரும்பும். மனைவியும் இதை முன்பே அறிந்திருப்பது அவசியம், டொக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

இதன் சிறப்பு, விளைவு தெளிவாகத் தெரிவது. ஆறு, எட்டுக் கிழமையில் பி.எஸ்.ஏ. 0.1க்கும் கீழே விழ வேண்டும். பிறகு இரண்டு தடவை 0.2 அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பி வருகிறது என்று அர்த்தம், அப்போதும் கதிர்ச் சிகிச்சை கையில் இருக்கும். சலம் மெல்லிதாக, முக்கிப் போகிறவருக்கு அடைப்பும் சேர்ந்து தீரும். சத்திரசிகிச்சை நிபுணர் வருடத்துக்கு எத்தனை இப்படிச் செய்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. 'டொக்டர், இந்த ஒப்பரேசன் இங்க அடிக்கடி நடக்கிறதோ?' என்று கேட்டால் போதும்.

வயிற்றில் காயப்பட்டு முன்பு ஒப்பரேசன் செய்தவர்கள் அந்தப் பழைய தழும்பைக் கட்டாயம் காட்ட வேண்டும். குடல் இடுப்புக்குழிக்குள் ஒட்டியிருந்தால் சத்திரசிகிச்சையும் கடினம், கதிர்ச் சிகிச்சையில் அந்தக் குடலுக்கும் கதிர் படும்.

கதிர்ச் சிகிச்சை

வடக்குக்குத் தெல்லிப்பளைதான் வாசல். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைபயணத்தில் சேர்ந்த நிதியில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அங்கே 2013இல் திறக்கப்பட்டது. தெற்கே மகரகம அபேக்சா வைத்தியசாலை. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர், அங்கிருந்து தெல்லிப்பளை இன்னும் 15 கிலோமீற்றரளவு. காங்கேசன்துறை ரயில் தெல்லிப்பளையில் நிற்கும். முல்லைத்தீவுக் காரர் பரந்தனுக்கு வரவே 50 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். தினமும் போய் வருவது கிளிநொச்சிக்காரருக்கே கடினம்.

அதனால் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை நாள்? பழைய முறையில் 37 முதல் 39 தடவை, கிழமைக்கு ஐந்து நாள், ஏறக்குறைய எட்டுக் கிழமை. 2016இல் வெளியான சிப் ஆய்வு, 20 தடவையில் நாலு கிழமையில் கொடுத்தாலும் பயன் குறையவில்லை என்று காட்டியது. எட்டுக் கிழமை தங்குவதும் நாலு கிழமை தங்குவதும் ஒரு கமக்காரனுக்கு ஒரு போகம் போவதும் போகாததும். ஆனால் தடவை குறைந்தால் ஒவ்வொரு தடவையும் கதிர் கூட, அதற்குக் குறி துல்லியமாக வேண்டும். எனவே இரண்டாவது கேள்வி: கதிர் தரும் இயந்திரம் லீனியர் அக்சிலரேற்றரா கோபால்ட்டா, தினமும் படம் எடுத்து இடம் சரிபார்ப்பார்களா? கோபால்ட் கதிரின் வலு குறைவு. புரொஸ்ரேற் இடுப்பின் நடு ஆழத்தில் இருப்பதால் வழியில் உள்ள இழையங்கள் கூடுதலாக வாங்கும். அவ்வசதிகள் இருக்கும் இடத்துக்கு அனுப்ப முடியுமா என்று பேசிப் பார்ப்பது நியாயம்.

ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய ஆயத்தம் நோயாளியின் கையில். மலம் கழித்திருக்க வேண்டும். சலத்தைக் கழித்துவிட்டு, அந்தப் பிரிவு சொன்ன அளவு, வழமையாக 350 முதல் 500 மில்லிலீற்றர், தண்ணீர் குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். சலப்பை நிறைந்திருந்தால் குடலையும் சலப்பையின் மேற்பகுதியையும் கதிரிலிருந்து தள்ளி வைக்கும். மலக்குடல் வீங்கியிருந்தால் புரொஸ்ரேற்றை முன்னே தள்ளிவிடும், குறி தப்பும். முதல் நாளிரவு பருப்பு, பயறு, கோவா போன்ற வாயு கூட்டும் சாப்பாட்டைத் தவிர்ப்பது இதனால்தான். கால் இழந்தவர்கள் திட்டமிடும் ஸ்கான் நாளிலேயே, செயற்கைக் காலோடு படுப்பதா இல்லாமலா என்று தீர்மானித்து, கடைசி நாள் வரை அதையே கடைப்பிடிக்க வேண்டும். கதிர் பட வேண்டிய இடத்தைக் குறிக்க இடுப்பில் குத்தும் சின்னப் பொட்டுகள் அந்த நிலைக்குத்தான் பொருந்தும்.

இரண்டாம், மூன்றாம் கிழமையில் சலம் எரிவும் அடிக்கடி போவதும் தொடங்கும், முடிந்து சில கிழமையில் அடங்கும். வருடம் கழித்து மலத்தோடு இரத்தம் வரலாம். அப்போது பார்க்கும் டொக்டரிடம் கதிர் எடுத்ததைச் சொல்லாமல் மலக்குடலில் துண்டு எடுக்க விடக்கூடாது, அந்தப் புண் ஆறாமல் போகலாம். பி.எஸ்.ஏ. இங்கே மெதுவாக, ஒன்றரை, இரண்டு வருடம் எடுத்து இறங்கும், இடையில் கொஞ்சம் துள்ளவும் செய்யும். ஆகக் குறைந்த எண்ணிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியது என்று கொள்வார்கள். ஏற்கெனவே சலம் அடைப்பு உள்ளவருக்கும் நாட்பட்ட குடல் அழற்சி உள்ளவருக்கும் இதை நாங்கள் இரண்டாம் இடத்தில் வைப்போம். எழுபது தாண்டிய, இதயம் பலவீனமான, ஆனால் நோய் மத்திய தரமான ஒருவருக்கு முதலாம் இடத்தில்.

ஓமோன்

ஆண் ஓமோனைக் குறைக்கும் இந்தச் சிகிச்சை நடுத்தர நோய்க்குக் கதிரோடு நாலு முதல் ஆறு மாதம், கடும் நோய்க்கு ஒன்றரை முதல் மூன்று வருடம், பரவிய நோய்க்கு ஆயுள் முழுவதும். ஆண் ஓமோனைக் குறைத்தால் இந்தப் புற்றுநோய் அடங்கும் என்று 1941இல் காட்டிய சார்ள்ஸ் ஹக்கின்சுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அடிப்படை இன்றும் அதுதான்.

கோசெரெலின் ஊசி 28 நாளுக்கு ஒன்று, அல்லது 12 கிழமைக்கு ஒன்று. முதல் ஊசி போட்டதும் ஓமோன் ஒரு கிழமைக்குக் கூடிப் பிறகே விழும். என்பில் பரவியவருக்கு அந்தக் கிழமையில் நாரி உழைவு கூடும், முள்ளந்தண்டு நெருக்குப்படலாம், சலம் அடைக்கலாம். அதனால் ஊசிக்கு முன்பே பைகலுற்றமைட் 50 மில்லிகிராம் குளிசை தொடங்கி, ஊசிக்குப் பிறகும் சில கிழமை எடுக்க வைப்பார்கள். குளிசை தராமல் நேரே ஊசி எழுதினால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். ஊசி பிந்தினால் ஓமோன் திரும்ப ஏறும். அடுத்த ஊசித் திகதிக்கு இரண்டு கிழமை முன்பே மருந்தகத்தில் இருப்பைக் கேட்டு, இல்லாவிட்டால் வெளியே வாங்க ஒழுங்கு செய்வது வீட்டில் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

நோய் பரவியவருக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை: விதைகளை அகற்றும் சின்னச் சத்திரசிகிச்சை. ஒரு நாளுக்குள் ஓமோன் விழுந்துவிடும். ஏற்ற இறக்கம் இல்லை, ஊசி இல்லை, பயணம் இல்லை, தட்டுப்பாடு பற்றிய பயம் இல்லை. பயன் ஊசிக்குச் சமம். திருப்பி எடுக்க முடியாது என்பதும் மனத்தைத் தைக்கும் என்பதும் உண்மை. ஆனால் மாங்குளத்துக்கு உள்ளே பஸ் இல்லாத ஒரு கிராமத்தில், ஆயுள் முழுக்க ஊசி தேவைப்படும் ஒருவருக்கு அதைச் சொல்லாமல் மறைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். இதை நாங்கள் உயர்வாகவே மதிப்பிடுகிறோம்.

எந்த வழியில் ஓமோனைக் குறைத்தாலும் பின்விளைவு ஒன்றுதான்: உடம்பு திடீரென்று கொதிப்பது, களைப்பு, ஆசை குறைவது, சலரோகம் கூடுவது, என்பு மெலிவது. இவற்றுக்கு வேண்டியவை: தினமும் நடை, பாரம் தூக்கும் அளவான பயிற்சி, கல்சியம், விற்றமின் டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தத்தில் சீனி பார்ப்பது. ஓமோனை மேலும் குறைக்க அபிரற்றரோன் என்ற மருந்தைச் சேர்த்தால் அதன் 250 மில்லிகிராம் குளிசை நாலை வெறுவயிற்றில் எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் பல மடங்கு ஏறும். கூடத் தரும் பிரெட்னிசொலோனைத் தனியாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் இரத்த அமுக்கம் ஏறும், பொற்றாசியம் குறையும்.

நாட்டு மருந்து எடுப்பவர்கள் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்காகப் பயொப்சியைத் தள்ளிப் போடாதீர்கள்.

காத்திருக்க முடியாதது

புரொஸ்ரேற் புற்றுநோய் உள்ளவருக்கோ சந்தேகம் உள்ளவருக்கோ நாரியில் புதிய கடும் நோ வந்து, படுத்தால் கூடி, கால் மரத்து, படியேற ஏலாமல் போனால் அது முள்ளந்தண்டு நரம்பு நெருக்குப்படுவது. எண்ணெய் பூசி வாதம் என்று பார்க்கும் ஒவ்வொரு நாளும் நடையைப் பறிக்கும். நடந்து வைத்தியசாலைக்குள் போனவர்கள் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். கால் முற்றாக விழுந்தபின் போனவர்களில் சிலரே திரும்ப நடக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் ஸ்ரீரொயிட் மருந்தும் எம்.ஆர்.ஐ.யும் தேவை. நோயாளியை முச்சக்கர வண்டியில் இருத்திக் கொண்டுபோகாமல், நேராகப் படுக்க வைத்து 1990 சுவசெரியவை அழையுங்கள். அங்கே இப்படிச் சொன்னால் போதும்: 'புரொஸ்ரேற் கான்சர் இருக்கு, நாரி நோ, நேற்றிலிருந்து கால் மரக்குது, சலம் போகேல்லை.' கிளினிக் கொப்பி, பயொப்சி ரிப்போட், கடைசி ஊசி போட்ட திகதி மூன்றும் அவருடைய தலைமாட்டில் ஒரே பையில் இருக்க வேண்டும். உடம்பில் பீஸ் இருந்தால் அந்த எக்ஸ்ரேயும் அதே பையில்.